காற்றில் சாய்ந்ததாகச் சொன்ன செவ்வாழை

அய்யா,

சௌமியா இங்கேதான் இருக்கிறாள். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நீ நிதானமாக வாசிப்பாய். சனிக்கிழமை மத்தியானம் கடையில் நான் மட்டும் இருந்தேன். யூரியா வாங்க வந்த ஒருவரை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், படியில் உன் மனைவி நிற்கிறாள். கையில் ஒரே ஒரு பை. துப்பட்டாவை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள். வெயிலுக்கு என்று நினைத்தேன். உள்ளே வந்து உரமூட்டை மேல் உட்கார்ந்ததும் அது விலகியது. இடது புருவத்துக்கு மேல் தையல். கண்ணைச் சுற்றி வீங்கி, நாவல்பழத்தை நசுக்கித் தடவின மாதிரி இருந்தது.

"என்னத்தா இது?" என்றேன்.

"செல்லு பட்டுருச்சு அத்தை."

"அது எப்படிப் படும்?"

"எறிஞ்சா படும்ல."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கடையைப் பாதி இறக்கிவிட்டு, எதிர்த்த கடையில் ஒரு காப்பி வாங்கிக் கொடுத்தேன். "பொறந்த வீட்டுக்குப் போகாம இங்கன வந்திருக்கியே ஆத்தா" என்று மெல்லக் கேட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தேவதானப்பட்டிக்குப் போனா எங்கண்ணன் அருவாளத் தூக்கிட்டுக் கோயமுத்தூர் பஸ் ஏறிருவான் அத்தை. அவரு சாகணும்னு நான் நெனைக்கல. அவரு பக்கத்துல படுக்கவும் பயமா இருக்கு. வேற எங்கன போறதுன்னு தெரியல." இந்தப் பெண்ணை நீ எங்கே அடித்திருக்கிறாய் என்று தெரிகிறதா? தையல் போட்ட நேரத்தில்கூட உன் உயிரைப் பற்றி யோசித்திருக்கிறாள்.

அன்று சாயங்காலம் நீ போன் செய்தாய். "அம்மா, நான் அவள அடிக்கல. கோவத்துல செல்ல விட்டெறிஞ்சேன், அது போய்ப் பட்டுருச்சு. மாசக்கணக்கா கிட்ட வரவிட மாட்டேங்கிறா. கேட்டா மூஞ்சியத் திருப்பிக்கிறா. செல்ல எடுத்தா மறைக்கிறா. நான் என்ன மரக்கட்டையா?" என்றாய். அவள் திரும்பி வருவாளா என்றும் கேட்டாய். பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் பெற்றவள் சொல்லக்கூடாத வார்த்தையைச் சொல்லியிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் கை கொஞ்சம் நிதானப்படும்.

இதில் நான் சொல்லப்போவது ஒரு தாய் மகனிடம் பேசுகிற பேச்சில்லை. எனக்கும் கூசத்தான் செய்கிறது. ஆனால் கூச்சப்பட்டுக்கொண்டு இந்த வீட்டில் யாரும் யாரிடமும் பேசாமல் இருந்ததில் என்னவெல்லாம் வெட்டுப்பட்டது என்று பார்த்தவள் நான். உன் அப்பாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். "எழுது. எம்பேரக் காப்பாத்த வேண்டாம்" என்று சொன்னார்.

உன் அப்பாவும் நானும் கல்யாணமான புதிதில் நன்றாக வாழ்ந்தோம். அந்த நன்றாக என்பதில் உடம்பும் சேர்த்திதான். அதற்கு மேல் உனக்குத் தேவையில்லை. தோட்டத்திலிருந்து வந்ததும் வராததுமாக அடுப்படியில் வந்து நின்று, கழுத்தில் ஈரக்கையை வைத்துத் திடுக்கிட வைப்பார். சினிமாக் கதையைத் தப்பும் தவறுமாகச் சொல்லிச் சிரிக்க வைப்பார். நீ பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போகும் வரைக்கும் அப்படித்தான் இருந்தது. பிறகு எப்போது மாறியது என்று என்னால் சொல்ல முடியாது. ஒரு கோடைக்கு, காற்று வருகிறது என்று கட்டிலை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். மழைக்காலம் வந்தும் கட்டில் கீழே இறங்கவில்லை. நான் அருகில் போனால் வயிறு சரியில்லை என்பார், தோட்டத்தில் அலைந்த அசதி என்பார். நான் வற்றிப்போய்விட்டேனா என்று கண்ணாடியில் பார்த்தேன். வேறு யாராவது இருக்கிறாளா என்று அவர் சட்டையை மோந்து பார்த்தேன்.

ஒருநாள் நானாகவே மாடிக்குப் போய் அவர் நெஞ்சில் கை வைத்தேன். அந்தக் கையைப் பாம்பைத் தட்டிவிடுகிற மாதிரித் தட்டிவிட்டார். "உனக்கு வேற நெனப்பே கெடையாதா? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?" என்றார். அய்யா, அந்தச் சொல்லுக்குப் பிறகு எனக்கு வாயே வரவில்லை. ஆசைப்பட்டது ஒரு குற்றம், அதைக் காட்டியது இன்னொரு குற்றம் என்று ஆகிவிட்டது. படியிறங்கி வந்து முகத்தைக் கழுவிக்கொண்டு இட்லிக்கு மாவு கரைத்தேன். அதற்குப் பிறகு வருடக்கணக்கில் நான் எதையும் கேட்கவில்லை. அவரும் எதையும் சொல்லவில்லை.

பேச்சு நின்ற இடத்தில் அடி தொடங்கியது. முதலில் தட்டு பறந்தது. உப்புக் கூடிப்போச்சு என்று குழம்புச் சட்டியைச் சுவரில் அடித்தார். அந்தக் கறையைத்தான் நீ பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது என்ன என்று கேட்டாய். பிறகு கன்னத்தில் அறை. பிறகு பெல்ட். எந்த அடிக்கும் பொருந்துகிற காரணம் இருக்காது. சாவியைக் காணோம் என்பதற்கு அடித்திருக்கிறார், சாவி அவர் பையிலேயே இருந்திருக்கிறது. உன்னை மதுரையில் விடுதியில் சேர்த்தது படிப்புக்காக என்று சொன்னோம். பாதி உண்மை. அவர் பெல்ட்டைக் கழற்றும்போது அடுத்த அறையில் நீ மூச்சுவிடாமல் படுத்திருப்பது எனக்குக் கேட்கும். அதைத் தாங்க முடியாமல்தான் அனுப்பினேன்.

அந்த நாளில் ஜெபராஜ் என்று ஒருவர், போடிக்காரர், பூச்சிமருந்துக் கம்பெனிக்காக நம் கடைக்கு ஆர்டர் எடுக்க வருவார். என்னைவிடச் சின்னவர். வேலையைத் தவிர வேறு பேச்சு அதிகம் கிடையாது. ஒருநாள், மலையில் ஏலக்காய்த் தோட்டத்தில் ஒரு குரங்கு அவர் ஹெல்மெட்டைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மரத்தில் உட்கார்ந்ததைச் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். சிரித்து வெகுநாளாகியிருந்ததால் அடக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வர, கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அந்த நேரம் பார்த்து உன் அப்பா தோட்டத்திலிருந்து வந்தார். கையில் வாழை அறுத்த அரிவாள். வாசலில் நின்று என் சிரிப்பைப் பார்த்தார். நேராக வந்து ஓங்கினார்.

ஜெபராஜ் முகத்தை மறைக்கக் கையைத் தூக்கினார். வெட்டு முன்கையில் விழுந்தது. இளநீர் சீவுகிற சத்தம். தோலுக்குள்ளே வெள்ளையாக ஒன்று தெரிந்தது, பிறகு அது நிறைந்து வழிந்தது. பொட்டாஷ் பாக்கெட் எல்லாம் சிவந்து போச்சு. அவர் கத்தக்கூட இல்லை. "அண்ணே, ஏண்ணே? ஏண்ணே?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே பின்னால் நகர்ந்தார். தெருவிலிருந்து ஆட்கள் ஓடிவந்து பிடிக்காவிட்டால் இரண்டாவது வெட்டு கழுத்தில்தான். போலீசுக்குப் போகாமல் இரண்டு வீட்டாரும் பேசி முடித்துக்கொண்டார்கள். அது ஜெபராஜுக்கு நியாயமில்லை. கை நழுவிவிட்டது என்று உன் அப்பா எல்லோரிடமும் சொன்னார். பிறகு ஒருமுறை போடி பஸ் ஸ்டாண்டில் அவரைத் தூரத்தில் பார்த்தேன். டீயை இடது கையில் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். வலது கையில் விரல்கள் மடங்காமல் நீட்டிக்கொண்டே இருந்தன. போய்ப் பேச எனக்குத் தைரியம் வரவில்லை.

அதற்கு அடுத்த ஆடியில் ஒரு காலை. தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். உன் மாமாவின் வீட்டுக்கு, மயிலாடும்பாறைக்குப் போவது என்று முந்தின நாளே முடிவு செய்து துணியை எடுத்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்கு வந்தார். "எங்க கெளம்பிட்ட? போடிக்கா?" என்றார். அந்த ஒரு சொல்லில் எனக்குள் ஏதோ அறுந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "வருசக்கணக்கா என்னையத் தொடல. நான் என்ன தப்புப் பண்ணுனேன்? அத மட்டும் சொல்லிருங்க, போயிர்றேன்."

பதிலுக்கு என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. எனக்குக் காது அடைத்துப் போனது. கை தானாகப் போய்த் தோசைக்கல்லின் பிடியைப் பிடித்தது. திரும்பி, அப்படியே அவர் தோளில் அடித்தேன். பொசுங்கிய நாற்றம் வந்தது. பனியனோடு தோல் ஒட்டிக்கொண்டது. அவர் தோளில் இருக்கிற தழும்பை டிராக்டர் சைலன்சர் சுட்டது என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். அது நான் வைத்தது. இதைத் தப்பென்று நான் எழுதவில்லை, பெருமையென்றும் எழுதவில்லை. அன்று அந்தக் கல் என் கைக்கு எட்டாமல் இருந்திருந்தால் இன்று இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார். என்னை வெட்ட எடுக்கவில்லை என்று புரிந்ததும் அதைவிடப் பயமாக இருந்தது. தன்னையே ஏதாவது செய்துகொள்வார் என்று பின்னால் ஓடினேன். மார்க்கையன்கோட்டை ரோட்டில் நம் தோட்டம், செவ்வாழை, தார் முற்றி வெட்டுக்கு நின்ற நேரம். வரப்பில் செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கி முதல் மரத்தை வெட்டினார். வாழைக்கு என்ன, ஒரே வீச்சுதான். உள்ளிருந்து தண்ணீர் பீச்சியடிக்கும். மரம் தாரோடு மடேரென்று விழும். அடுத்தது. அதற்கு அடுத்தது. பிள்ளைத்தாய்ச்சி விழுகிற மாதிரி ஒவ்வொன்றும் வயிற்றை முன்னால் போட்டுக்கொண்டு விழுந்தது. வேலைக்கு வந்த பெண்கள் வாய்க்கால் கரையிலேயே நின்றுவிட்டார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்து, "போகாத ஆத்தா, அவுக கண்ணு சரியில்ல" என்றாள். வாழைக்கறை பட்டு அவர் சட்டை கருத்துப்போனது. தோளில் கொப்புளம் உடைந்து வடிந்தது. வரிசை வரிசையாக வெட்டிக்கொண்டே போனார். ஒரு வீச்சு மரத்தில் வழுக்கி அவர் காலிலேயே இறங்கியது. அதற்கும் நிற்கவில்லை. நடந்த இடமெல்லாம் ரத்தம் பதிய, கடைசி வரிசை வரைக்கும் போய்த்தான் விழுந்தார்.

முந்தானையைக் கிழித்து அவர் காலைக் கட்டினேன். ஆட்டோவில் தேனிக்குப் போகும் வழியெல்லாம் அவர் தலை என் மடியில் கிடந்தது. செத்துப்போகட்டும் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். சாகக்கூடாது என்று மறுநிமிடம் நினைத்தேன்.

பிறகு நீ விடுமுறைக்கு வந்தாய். தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்து, ஆடிக்காற்றில் சாய்ந்துவிட்டது என்று நான் சொன்னதைக் கேட்டாய். "மரம் பூராம் ஒரே ஒயரத்துல ஒடிஞ்சிருக்கேம்மா" என்றாய். "காத்து அப்படித்தான் அடிச்சது" என்றேன். நீ என் முகத்தைப் பார்த்தாய். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு நீ பழகியது அன்றைக்குத்தான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. ஒரு பெண் உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு முகத்தைத் திருப்புகிறாள். ஏன் என்று கேட்க உனக்கு வாய் வரவில்லை. கையில் இருந்ததை எறிய மட்டும் வந்திருக்கிறது.

நீ மதுரைக்குத் திரும்பிப் போன பிறகும் ஆஸ்பத்திரியில் அவர் காயம் ஆறவில்லை. கால்விரல் கருத்துக்கொண்டே வந்தது, எடுத்தார்கள். அங்கே இருந்த பெண் டாக்டர் சுற்றி வளைக்காமல் கேட்டார். "சுகர் இருக்கிறது உங்களுக்கு முன்னாலேயே தெரியும்தானே?" உன் அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். எனக்கு அன்றுதான் தெரியும். மாத்திரையைத் தோட்டத்து மோட்டார் ரூமில் வைத்துத் தின்றிருக்கிறார், அதுவும் நினைத்த நாளில். டாக்டர் என்னையும் உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் கேட்டார். "தாம்பத்தியத்தில் சிரமம் இருக்கா? இந்த நோய்ல நிறையப் பேருக்கு வரும். மருந்து இருக்கு. வெட்கப்படாமச் சொல்லணும்." உன் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. ஜெபராஜை வெட்டிய கை போர்வையைக் கசக்கிப் பிடித்திருந்தது.

டாக்டர் போன பிறகு, திரும்பாமலேயே சொன்னார்.

"என்னால முடியல புள்ள. ஒரு தடவ முடியல, மறுதடவையும் முடியல. அப்புறம் நீ கிட்ட வந்தாலே பயம்."

"எங்கிட்டச் சொல்லிருக்கலாம்ல?"

"என்னான்னு சொல்ல? நீ கேட்டுருவியோன்னு பயந்துதான் முந்திக்கிட்டு அடிச்சேன்."

நீ நினைப்பாய், அந்த இடத்தில் நான் அழுது அவரைக் கட்டிக்கொண்டேன் என்று. இல்லை. எனக்கு இரக்கமே வரவில்லை. "இதச் சொல்லத்தான் ஒரு தோட்டத்த வெட்டுனீகளா? இதுக்குத்தான் அந்தப் பையன் கையப் போக்குனீகளா? பொம்பளையான்னு கேட்டீகளே, அதுக்கு என்ன பதில் சொல்லப் போறீக?" என்று கேட்டேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கேட்கட்டும் என்றிருந்தது. புண் ஆறும்வரை சோறு கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அவருடைய அக்காவை வரவழைத்து ஒப்படைத்துவிட்டு மயிலாடும்பாறைக்குப் போய்விட்டேன். இனித் திரும்புவதில்லை என்றுதான் போனேன்.

தை பிறந்த பிறகு ஒருநாள் அவர் கம்பு ஊன்றிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். உன் மாமா உள்ளே வரச் சொல்லவில்லை. வெயிலில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்றார். நான்தான் வெளியே போனேன். வீட்டுக்கு வா என்று அவர் கூப்பிடவில்லை. "மருந்து ஒழுங்காச் சாப்பிடுறேன். அந்த டாக்டரம்மாவ மறுபடியும் போய்ப் பாத்தேன். எல்லாம் சொன்னேன். நான் உன்னையச் சொன்ன அந்தச் சொல்லு தப்பு. அதச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் அந்த நிறுத்தம் வரைக்கும் போய்ச் சொன்னேன். "முடியாததுக்காக நான் போகல, போகவும் மாட்டேன். கை ஓங்குனா அன்னைக்கே போயிருவேன். அப்புறம் எந்தப் பஸ்ல வந்தாலும் நான் வெளிய வர மாட்டேன்." அவர் தலையாட்டினார். மாசி பிறந்துதான் நான் நம் சின்னமனூர் வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது இன்னொரு ஆடிக்காற்றுக் கதை. சரியாகவில்லை. பேசப் பழகினோம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை கடையடைத்த பிறகு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தரையில் உட்காருவோம். முதலில் பேச்சே வராது. உரவிலை, மழை என்று சுற்றுவோம். பிறகு எங்களில் ஒருவர் தொடங்குவார். "எனக்கு இந்த வாரம் உன் பக்கத்துல படுக்கணும் போல இருந்துச்சு" என்று சொல்ல எனக்கு எத்தனை வாரம் ஆனது தெரியுமா? "இன்னைக்கு என்னால ஆகாது, ஆனா நீ எந்திரிச்சுப் போகாத" என்று சொல்ல அவருக்கு அதைவிட அதிகம் ஆனது. மருந்து சில நாள் கைகொடுத்தது, பல நாள் கொடுக்கவில்லை. என் ஆசையும் அவர் உடம்பும் ஒத்துப்போகாத நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களில் நான் அழுதிருக்கிறேன், அவர் என் தலையைக் கோதிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். தலை கோதினால் ஆசை தீராது. ஆனால் தனியாக இல்லை என்று தெரியும். கோபம் வந்தால், "செத்த வெளிய போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு மெயின் ரோட்டு டீக்கடைக்குப் போவார். சொல்லிவிட்டுப் போவதுதான் முக்கியம். சொல்லாமல் போனால் அதுவும் ஒரு அடிதான்.

இத்தனை வருடத்தில் அவர் என் மேல் கை வைத்ததில்லை. ஆனாலும் அவர் ஃபேன் சுவிட்சுக்குக் கையைத் தூக்கினால் இன்றைக்கும் என் தலை தானாகக் குனிகிறது. மனசு மன்னித்தது உடம்புக்குத் தெரியவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிடும்போது, கொடியில் கிடந்த துண்டை எடுக்க அவர் சௌமியாவின் தலைக்கு மேல் கையை நீட்டினார். அவள் சட்டென்று முகத்தைக் கையால் மூடினாள். சோறு தெறித்தது. உன் அப்பா அப்படியே நின்றார். "நான்தான் ஆத்தா, துண்டு எடுக்க வந்தேன்" என்றார். அதன் பிறகு அன்று அவர் சாப்பிடவில்லை.

இனி உன் விஷயம். சௌமியா சொன்னதை உனக்கு எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுங்க அத்தை. நான் சொல்ல வந்தப்பல்லாம் அவருக்குக் கோவம்தான் காதுல கேட்டுச்சு" என்றாள். கரு கலைந்ததை நீங்கள் இரண்டு பேரும் எங்களிடம் மறைத்துவிட்டீர்கள். சரி, அது உங்கள் துக்கம். ஆனால் கலைந்த பிறகு நீ அவளை ஒருமுறைகூட அதைப் பற்றிக் கேட்கவில்லை என்கிறாள். அவளைப் பழையபடி ஆக்கவேண்டும் என்று சினிமாவுக்குக் கூட்டிப்போனாய், சேலை எடுத்துக் கொடுத்தாய், பிறகு கட்டிலுக்குக் கூப்பிட்டாய். "தொட்டாலே வயித்துக்குள்ள இழுத்துப் பிடிக்குது அத்தை. மறுபடியும் ரத்தம் வந்துருமோன்னு இருக்கு. அவரு மேல ஆசை இல்லாம இல்ல" என்று சொல்லிவிட்டு அழுதாள். செல்லில் எதை மறைத்தாள் என்று கேட்டாயே. அவளை மாதிரிக் கருவைப் பறிகொடுத்த பெண்கள் எழுதியதைத் தேடித் தேடி வாசித்திருக்கிறாள். நீ பார்த்தால், இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்கிறாயா என்று திட்டுவாய் என்று மறைத்திருக்கிறாள். அதைத்தான் நீ பிடுங்கி அவள் முகத்தில் எறிந்தாய்.

"இன்னைக்கு வேணாம்" என்று அவள் சொன்னது, "நீ வேணாம்" என்று உன் காதில் விழுந்திருக்கிறது. உன் அப்பா காதிலும் எதுவும் நேராக விழவில்லை. நான் நெஞ்சில் கை வைத்தது அவருக்கு, நீ ஆம்பளையா என்று கேட்ட மாதிரி விழுந்தது. யாருக்கு ஆசை கூட, யாருக்குக் குறைய என்பதெல்லாம் வீட்டுக்கு வீடு மாறும். எங்கள் வீட்டில் எனக்குக் கூடுதல். உங்கள் வீட்டில் இப்போதைக்கு உனக்கு. அது குற்றமில்லை, கூச்சப்படவும் ஒன்றுமில்லை. உனக்கு ஆசை இருக்கிறது என்று அவளிடம் சொல்லலாம். ஏங்குகிறது என்றும் சொல்லலாம். ஆனால் அதைக் கடன் மாதிரி வசூலிக்க முடியாது. கேட்பதைக் கட்டிலில் வைத்துக் கேட்காதே. அங்கே கேட்டால் எந்தக் கேள்வியும் அவளுக்கு அந்த ஒரே கேள்வியாகத்தான் கேட்கும். பாத்திரம் துலக்கும்போது கேள், நடக்கும்போது கேள். பதில் வராவிட்டால் அன்றைக்கு விட்டுவிடு.

எழுதிய வரைக்கும் உன் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஜெபராஜ் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "கை நழுவிருச்சுன்னு நான் சொன்னதா எழுதிருக்க. அதோட விடாத. நழுவல, தெரிஞ்சுதான் வெட்டுனேன்னு எழுது" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவனும் எறிஞ்சது போய்ப் பட்டுருச்சுங்கிறான். குறி பாத்துத்தான எறிஞ்சிருப்பான்? அத அவன் வாயால அந்தப் பிள்ளகிட்டச் சொல்லட்டும்" என்றார். நாளைக்குப் போடிக்குப் போய் ஜெபராஜ் வீட்டை விசாரிக்கப் போகிறாராம். அவர் கதவைத் திறக்காவிட்டால் திரும்பி வந்துவிடுவேன் என்றார். நான் தடுக்கவில்லை.

நீ இப்போது வராதே. வந்தாலும் அவளைப் பார்க்க விடமாட்டேன். வியாழக்கிழமை தேனியில் அவளை டாக்டரிடம் காட்டுகிறேன். அவளுடைய அம்மாவுக்கு அவளே போன் செய்து சொல்லிவிட்டாள், நாளை வருகிறார்கள். அண்ணனுக்கு எப்போது சொல்வது என்பதையும் அவளே முடிவு செய்வாள். நீ மறுபடியும் அவள் மேல் கை வைத்தாலோ, எதையாவது எறிந்தாலோ, மகளிர் காவல் நிலையத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவது நானாக இருப்பேன். முதல் சாட்சிக் கையெழுத்தும் என்னுடையது. ஜெபராஜுக்கு நான் செய்யாததை இவளுக்குச் செய்வேன். உன்னைப் பெற்றவள் என்பதால்தான் செய்வேன்.

அதுவரைக்கும் கோயமுத்தூரிலேயே ஒரு டாக்டரையோ, இதற்கென்று பேசுகிறவர்களையோ போய்ப் பார். எங்கள் அப்பா அம்மாவை அடித்தார், நான் அடுத்த அறையில் படுத்துக் கேட்டேன் என்று அவர்களிடம் சொல். எங்கள் மானம் போகுமே என்று யோசிக்காதே. மானத்தைக் காப்பாற்றித்தான் இங்கே வந்து நிற்கிறோம்.

அவள் திரும்பி வருவாளா என்று கேட்டாய். அவளிடம் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். வரவும் செய்யலாம், வராமலும் போகலாம், இரண்டுக்கும் அவளுக்கு உரிமை இருக்கிறது. இன்று காலையில் கடைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பில் போட்டாள். ஒரு விவசாயி பேரைத் தப்பாக எழுதிவிட்டு லேசாகச் சிரித்தாள், தையல் இழுத்ததும் நிறுத்திக்கொண்டாள். அவள் வராவிட்டாலும் நீ மாறத்தான் வேண்டும் அய்யா. அவள் வருவாள் என்பதற்காக மட்டும் மாறுவாய் என்றால், மாறாமலே இரு. அவளிடம் நான் அதையே சொல்லிவிடுகிறேன்.

உன் அம்மா